முதற்கண் தீர்க்க வேண்டுவது எது?

தோற்றுவாய்

வறுமை, நோய், போர், கல்லாமை, சூழல் மாசு என உலகை வருத்தும் இடர்கள் எண்ணிலடங்கா. அவற்றைத் தீர்க்க வேண்டிய பொருளும் ஆளும் காலமுமோ அளவுக்குட்பட்டவை. எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கின் எதுவும் நிறைவுறாது; உரத்த குரல் எழும் திசை நோக்கியே ஓடின் குரலற்றோர் துயர் நீங்காது. ஆதலின், எதனை முதலில் எடுத்துக்கொள்வது என்பது அறம் சார்ந்த வினாவாகும். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பது ஈண்டு எண்ணத்தக்கது. அரசர்க்குரைத்த அந்நெறி உலகப் பொதுப்பணிக்கும் பொருந்துமாற்றைப் பெரியம்மை ஒழிப்பு வரலாறு நன்கு விளக்கும்.

தெரிந்து தேர்தல்

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் பெரியம்மை ஏறத்தாழ 30 கோடி உயிர்களைக் கவர்ந்தது என்பர். 1967-இல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆண்டுதோறும் ஒரு கோடிக்குக் குறையாதோர் இந்நோய்க்கு ஆளாயினர். எனினும் துயரின் அளவு மட்டுமே தேர்வுக்குப் போதிய அடிப்படையன்று. மலேரியாவும் பெருங்கொடுமையே. 1955-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு முயற்சி 1969-இல் கைவிடப்பட்டது, கொசுக்கள் டி.டி.டி. மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றமை அதற்கு ஒரு காரணம். பெரியம்மையின் இயல்பு வேறு. அது மனிதரிடம் மட்டுமே வாழ்வது. விலங்கினத்துள் ஒளிந்துகொள்ள இயலாதது. முகத்துக் கொப்புளங்களால் தன்னைத்தானே காட்டிக்கொடுப்பது. வெப்பத்தைத் தாங்கும் உலர் தடுப்பு மருந்தும், எளிதில் பழகத்தக்க இருமுனை ஊசியும் கைவசம் இருந்தன. துயர் பெரிது, தீர்வோ கைக்கெட்டியது; இவ்விரண்டும் கூடுமிடமே முன்னுரிமைக்குரியது.

இடனறிந்து செய்தல்

தேர்ந்ததோடு பணி முடிவதில்லை. மக்கள் அனைவர்க்கும் அம்மை குத்துவதே வழி எனத் தொடக்கத்தில் கருதினர். மக்கள் நெருக்கம் மிக்க இந்தியாவில் அது போதவில்லை. எனவே 1973 முதல் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, நோயாளியின் படத்தைக் காட்டி வினவினர். நோய் கண்டவரைத் தனிமைப்படுத்திச் சுற்றியிருந்தோர்க்கு அம்மை குத்தினர். தகவல் தந்தோர்க்குப் பரிசும் அளித்தனர். 1974-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேரைப் பற்றிய நோய், 1975 மே திங்களோடு நாட்டைவிட்டு அகன்றது. இயற்கையாகப் பரவிய இறுதி நோய் 1977-இல் சோமாலியாவில் காணப்பட்டது. 1980-இல் உலகினின்றே பெரியம்மை ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. பனிப்போர்க் காலத்தும் அமெரிக்காவும் சோவியத் நாடும் இப்பணியில் கைகோத்தன.

பிறர் காணாத் துயர்

நரம்புச் சிலந்தி நோய் வேறொரு பாடம் புகட்டும். தூய குடிநீரற்ற சிற்றூர் ஏழைகளையே அது வருத்தியது. ஆதலின் உலகோர் கண்ணில் அது எளிதில் படவில்லை. அதற்குத் தடுப்பூசியுமில்லை, தீர்க்கும் மருந்துமில்லை. நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதலும், நோயுற்றோர் நீர்நிலையில் இறங்காமையுமே காப்பாக அமைந்தன. 1986-இல் ஏறத்தாழ 35 இலட்சம் பேரைத் துன்புறுத்திய அந்நோய், 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் இருபது பேரைக்கூடத் தொடவில்லை. புறக்கணிக்கப்பட்ட இடத்தில் சிறு முயற்சியும் பெரும்பயன் தரும் என்பது இதனாற் புலனாகும்.

நிறைவாக

ஒன்றை முதலில் எடுத்தால் ஏனையவற்றைக் கைவிட்டதாகாதோ என வினவலாம். காத்திருப்போரின் வலி மெய்யானதே. ஆயினும் முடித்த பணி அடுத்த பணிக்கு வழியமைக்கிறது. பெரியம்மைப் பணியில் பெற்ற பட்டறிவினின்றே, 1974-இல் குழந்தைகளைப் பிற நோய்களினின்று காக்கும் விரிவான தடுப்பூசித் திட்டம் பிறந்தது. எத்துணைப் பேர் துயருறுகின்றனர்? தீர்க்கும் வழி கைக்கெட்டுமா? பிறர் காணாது விட்டது எது? பொதுப்பணியில் இறங்கும் மாணவச் செல்வங்கள் இம்மூன்று வினாக்களையும் எழுப்பி விடை காண்பாராயின், அவர்தம் ஆர்வம் வீணாகாது. எடுத்த ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லும் உறுதியும் அவர்பால் வளரும்.