பிஎம்எக்ஸ் ஓட்டும் கைக்கு வரும் மணிக்கட்டு வலி: தடுப்பதும் தணிப்பதும்

ஹைதராபாத்தில் அடுக்குமாடிகளின் அடித்தளக் கார் நிறுத்தத்தை 'செல்லார்' என்றுதான் சொல்வார்கள். தெருவிலிருந்து செல்லாருக்கு இறங்கும் கான்கிரீட் சரிவுதான் பல பிள்ளைகளுக்கு முதல் பிஎம்எக்ஸ் சைக்கிள் மைதானம். 20 அங்குலச் சக்கரத்தோடு சரிவில் பாய்வார்கள், நடைபாதை விளிம்பில் ஏறுவார்கள், இரண்டு சக்கரங்களையும் தூக்கி 'பனிஹாப்' அடிப்பார்கள். ராத்திரி சோற்றைப் பிசையும்போது மணிக்கட்டு சுருக்கென்று இழுக்கும். "சுளுக்குதான், தைலம் போட்டால் சரியாகிவிடும்" என்பார் பாட்டி. பெரும்பாலும் அவர் சொன்னபடியே சரியாகிவிடும். சரியாகாத சில வலிகளை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டால் கை தப்பிக்கும்.

இரண்டு வகை வலி

மணிக்கட்டு வலியை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, விழாமலே வாரக்கணக்கில் மெல்ல ஏறி வருவது. இதற்குக் காரணம் அநேகமாக சைக்கிளின் அமைப்பிலோ ஓட்டும் பழக்கத்திலோ இருக்கும், நீங்களே திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரே விழுகையில் வருவது. அதற்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஏன் மணிக்கட்டு?

பிஎம்எக்ஸில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் கிடையாது. சீட் தாழ்வாக இருப்பதால் பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்டுவோம். சின்னச் சக்கரம் குழிக்குள் ஆழமாக இறங்கும். வேகத்தடையில் ஏறினாலும் படியிலிருந்து குதித்தாலும் அடி நேராக உள்ளங்கைக்கு வருகிறது. அதைத் தாங்கிக்கொள்வது எட்டு சிறு எலும்புகளும், அவற்றைக் கட்டிவைத்த நார்களும், நடுவே ஓடும் தசைநாண்களும் நரம்புகளும்தான்.

எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதே நல்ல துப்பு. கட்டைவிரல் பக்கம் வலித்து, அந்த விரலை மடக்கி மற்ற விரல்களால் மூடிக் கையைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் வலி கூடுகிறதா? கட்டைவிரலின் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வைனின் பெயரால்தான் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். சுண்டுவிரல் பக்கம், ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகும்போது வலித்தால், அங்குள்ள மெத்தை போன்ற குருத்தெலும்பு நைந்திருக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஒரு நரம்பு கிரிப்பில் நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவே போகும் இன்னொரு நரம்பு அழுந்துகிறது.

முதலில் சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

ஓட்டும் நிலையில் பெடல் மேல் நின்று ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். பக்கத்திலிருந்து ஒருவர் போட்டோ எடுக்கட்டும். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கியோ கீழே தொங்கியோ தெரிந்தால், ஹேண்டில்பாரைக் கவ்வியிருக்கும் ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்தி பாரை முன்னோ பின்னோ கொஞ்சம் சுழற்றுங்கள். முன் ஃபோர்க்கின் சாய்வுக்கு இணையாக பார் நிற்பது நல்ல தொடக்கம். சரிசெய்தபின் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

பிரேக் லிவர் தரைக்குக் கிடையாக நீட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மணிக்கட்டு பின்னால் மடங்கும். விரல் இயல்பாகப் போய் விழும் அளவுக்கு அதைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். பெரியவர்களுக்கான பார்கள் பொதுவாக 28 முதல் 30 அங்குல அகலம். பத்து வயதுப் பிள்ளை அதைப் பிடித்தால் கை விரிந்து மணிக்கட்டு பக்கவாட்டில் வளையும். தண்டால் எடுக்கும்போது கைகளை எவ்வளவு அகலத்தில் ஊன்றுவோமோ, ஏறக்குறைய அதுவே சரியான அளவு.

டயரில் காற்று கல் போல் இருந்தால் ஒவ்வொரு அடியும் கைக்கு வரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுவரை அடிக்காமல் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். தேய்ந்த கிரிப்பை உடனே மாற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். வியர்வையில் கிரிப் வழுக்கும், வழுக்க வழுக்கக் கை இறுக்கிப் பிடிக்கும், முன்கைத் தசை களைத்துப்போகும். மெல்லிய கையுறையும் இடுப்பில் ஒரு துண்டும் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

பிறகு பழக்கத்தை

முழங்கையைப் பூட்டி நீட்டியபடி தரையிறங்காதீர்கள். முழங்கையும் முழங்காலும் மடங்கி அடியை வாங்கிக்கொண்டால் மணிக்கட்டுக்கு வருவது மிச்சம்தான். கிரிப்பைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. புதிய வித்தையை ஒரே மாலையில் நூறு முறை முயல வேண்டாம். இருபது முறை முயன்று, கை ஓய்ந்ததும் நிறுத்துங்கள். களைத்த கைதான் தப்பாக இறங்கும்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றுங்கள். வலி இல்லாத நாட்களில், ஒருநாள் விட்டு ஒருநாள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மேலே தூக்கி, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். உள்ளங்கை மேல்நோக்கி 15 முறை, கீழ்நோக்கி 15 முறை. ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவதும் நல்ல பயிற்சி.

வலி வந்துவிட்டால்

குதிப்பதை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள், துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்ளலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டப் போகாதீர்கள். வலி தெரியாமல் காயம் பெருகும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபன் வகை மாத்திரை எடுக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். அவர்களின் முன்கை எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு, திரும்பத் திரும்ப அடிபட்டால் சேதமாகும்.

விழுந்த கை

விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. அப்போது உடையக்கூடியவற்றில் ஒன்று கட்டைவிரலின் அடியில் இருக்கும் படகு வடிவ ஸ்கேபாய்டு எலும்பு. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு பள்ளம் தெரியும். அங்கே அழுத்தி வலித்தால் இந்த எலும்பை உடைந்ததாகவே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். வீக்கம் அதிகம் இராது, விரல்கள் அசையும், முதல் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால்தான் மாவுக்கட்டோ பட்டையோ போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் நுனிப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. உடைந்ததைக் கவனிக்காமல் விட்டால் பின்பாதிக்கு ரத்தம் கிடைக்காமல் எலும்பு ஒட்டாமலே போகலாம். சில வருடங்களில் மூட்டு தேயும்.

நம் வீடுகளில் பலருக்கு இந்த இடத்தில் புத்தூர் கட்டுதான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள அந்த ஊரின் பெயரில் பல ஊர்களில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறார்கள். அதன் மேல் நம்பிக்கை உள்ளவர்களிடம் ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: எக்ஸ்-ரே எடுத்து மருத்துவர் பார்க்கும்வரை யாரும் அந்தக் கையை இழுக்கவோ உருவவோ இறுக்கிக் கட்டவோ விடாதீர்கள். கட்டியபின் விரல் நீலமாகி, மரத்து, வலி கூடினால் அந்த நிமிடமே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். காந்தி, உஸ்மானியா, நிம்ஸ் என எலும்பு முறிவுச் சிகிச்சை உள்ள பெரிய பொது மருத்துவமனைகள் ஹைதராபாத்துக்குள்ளேயே இருக்கின்றன. கை கோணியிருந்தாலோ எலும்பு வெளியே தெரிந்தாலோ 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அந்தச் சேவை 2005-ல் தொடங்கியதே இந்த ஊரில்தான்.

திரும்ப ஏறும் நாள்

வலியில்லாமல் சுவரில் தண்டால் எடுக்க முடிகிறதா, ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் முதல் வாரம் சமதரையில் மட்டும் ஓட்டுங்கள். வெளிவட்டச் சாலையோரம் 2023-ல் திறந்த, சூரியத் தகடுக் கூரை போட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அதற்கு ஏற்ற இடம். அடுத்த வாரம் சிறு குதிப்பு. செல்லார் சரிவு மூன்றாவது வாரம். வலி திரும்பினால் ஒரு படி பின்னால் வந்து, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.