நட்சத்திர ஆட்டக்காரரை விற்கலாமா? லிவர்பூல் ரசிகர்களின் விடுமுறைக் கால வாதம்

இங்கிலிஷ் பிரிமியர் லீக் ஆட்டங்கள் மே மாதம் முடிந்துவிடுகின்றன. அடுத்த பருவம் ஆகஸ்ட் மாதம்தான் தொடங்கும். இடைப்பட்ட வாரங்களில் லீக் ஆட்டம் கிடையாது. ஆனால் ரசிகர்களின் நாக்குக்கு மட்டும் ஓய்வே கிடையாது. யாரை விற்பது, யாரை வாங்குவது, யாரை வைத்துக்கொள்வது என்று கோலாலம்பூர் மாமாக் உணவகங்களிலும் சிங்கப்பூர் காப்பிக் கடைகளிலும் நள்ளிரவு வரை வாதம் நடக்கும். தே தாரிக் ஆறிப்போகும், வாதம் ஆறாது.

இந்த வட்டாரத்தில் நீண்ட காலமாக ரசிகர்களைக் கொண்ட குழுக்களில் ஒன்று லிவர்பூல். 2011 ஜூலையில் புக்கிட் ஜாலில் அரங்கிலும் 2022 ஜூலையில் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கிலும் அக்குழு விளையாடியது. இரண்டுமே விடுமுறைக் காலப் பயிற்சி ஆட்டங்கள். அரங்கு நிறையச் சிவப்புச் சட்டைகள். அத்தனை பேர் மனத்திலும் அப்போது ஓடிய கேள்வி ஒன்றுதான்: வரும் பருவத்துக்கு இந்தக் குழு போதுமா?

இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பதில் சொல்வது வழக்கம். நட்சத்திர ஆட்டக்காரரை எந்த விலைக்கும் விற்கக் கூடாது என்பது ஒரு தரப்பு. நல்ல விலை வந்தால் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் குழுவைச் சீர்படுத்த வேண்டும் என்பது மறுதரப்பு. வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பாருக்கும் சான்று லிவர்பூலின் வரலாற்றிலேயே இருக்கிறது.

2014: விற்றதால் வந்த வீழ்ச்சி

விற்கக் கூடாது என்போர் முதலில் எடுத்து வைப்பது 2014ஆம் ஆண்டை. அதற்கு முந்திய பருவத்தில், அதாவது 2013-14ல், லிவர்பூல் 101 கோல்கள் போட்டது. உருகுவே நாட்டு ஆட்டக்காரர் லுயிஸ் சுவாரெஸ் ஒருவரே 33 லீக் ஆட்டங்களில் 31 கோல்கள் போட்டார். டேனியல் ஸ்டரிட்ஜ் 21 கோல்கள் போட்டார். அப்படியிருந்தும் இரண்டே புள்ளிகளில் லீக் பட்டம் மான்செஸ்டர் சிட்டியிடம் போய்விட்டது.

அந்தக் கோடையில் உலகக் கிண்ணப் போட்டியில் சுவாரெஸ் இத்தாலிய ஆட்டக்காரரைக் கடித்து நான்கு மாதத் தடை பெற்றார். ஜூலையில் பார்சிலோனா அவரை வாங்கிக்கொண்டது. கிடைத்த பெரும் தொகையைக் கொண்டு லிவர்பூல் ஒருவர் பின் ஒருவராக ஆட்டக்காரர்களை வாங்கியது. ஆடம் லல்லானா, டெயான் லோவ்ரென், லாசார் மார்க்கோவிச், அல்பெர்ட்டோ மொரேனோ, எம்ரே சான், ரிக்கி லாம்பர்ட், கடைசியாக மரியோ பலோட்டெல்லி என்று பட்டியல் நீண்டது. எண்ணிக்கையைப் பார்த்த ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

பருவம் முடிந்தபோது அந்த மகிழ்ச்சி இல்லை. லிவர்பூல் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. 101 ஆக இருந்த கோல் எண்ணிக்கை 52 ஆகச் சரிந்தது. பலோட்டெல்லி அந்தப் பருவத்தில் போட்ட லீக் கோல் ஒன்றே ஒன்று. ஸ்டரிட்ஜ் காயம் காரணமாகப் பெரும்பாலான ஆட்டங்களில் இறங்கவில்லை. வயது 34ஐத் தாண்டிய தலைவர் ஸ்டீவன் ஜெராட் ஒன்பது கோல்களுடன் குழுவின் முன்னணி கோல் வீரராக இருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. பட்டத்தைத் தவறவிட்ட பருவத்தில் லிவர்பூல் விட்டுக்கொடுத்த கோல்கள் 50. அத்தனை பேரை வாங்கிய பிறகு விட்டுக்கொடுத்தவை 48. பழைய ஓட்டை அப்படியே இருந்தது; இருந்த பலமும் போய்விட்டது.

2018: விற்றதால் வந்த உயர்வு

விற்கலாம் என்போர் நான்கு ஆண்டுகள் தள்ளி வந்து பேசுவார்கள். 2018 ஜனவரியில் பிரேசில் ஆட்டக்காரர் ஃபிலிப் கூட்டின்யோவை லிவர்பூல் அதே பார்சிலோனாவுக்கு விற்றது. 2013ல் 8.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கப்பட்டவர் அவர். விற்பனைத் தொகையோ, பின்னர் சேரக்கூடிய தொகைகளையும் கூட்டினால், 142 மில்லியன் பவுண்டு என்று கூறப்பட்டது. பருவத்தின் நடுவில் மந்திரக்காரரை விற்றுவிட்டார்களே என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

அதே மாதத்தில் 75 மில்லியன் பவுண்டுக்கு நெதர்லாந்தின் தற்காப்பு ஆட்டக்காரர் வெர்ஜில் வான் டைக் வந்து சேர்ந்தார். மே மாதம் கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல் காப்பாளர் லோரிஸ் காரியுஸ் செய்த தவறுகளால் ரியால் மட்ரிட்டிடம் 3-1 எனத் தோல்வி. ஜூலையில் ரோமா குழுவிலிருந்து கோல் காப்பாளர் அலிசன் பெக்கர் வந்தார்.

பலன் உடனே தெரிந்தது. 2017-18ல் 38 கோல்களை விட்டுக்கொடுத்த குழு, 2018-19ல் விட்டுக்கொடுத்தது 22 மட்டுமே. அந்தப் பருவத்தில் 97 புள்ளிகள் எடுத்தும் ஒரு புள்ளியில் பட்டம் நழுவியது. ஆனால் சாம்பியன்ஸ் லீக் கிண்ணம் கைக்கு வந்தது. 2020ல், 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டமும் வந்தது.

வேறுபாடு எங்கே?

கிளப் ஒன்றுதான், வாங்கியதும் ஒரே பார்சிலோனாதான். ஒருமுறை சரிவு, மறுமுறை உயர்வு. காரணம் பணத்தின் அளவில் இல்லை.

2018ல் கூட்டின்யோ போவதற்கு முன்பே அவருடைய வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தது. 2017 கோடையிலேயே முகமது சாலா வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் மட்டும் அவர் 32 லீக் கோல்கள் போட்டார். சாடியோ மானேயும் ரொபெர்ட்டோ ஃபெர்மினோவும் உடன் இருந்தார்கள். ஆகவே தாக்குதலில் இன்னொருவரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குழுவில் எங்கே ஓட்டை இருந்ததோ அங்கே, தற்காப்பிலும் கோல் கம்பத்திலும், கவனம் செலுத்த முடிந்தது.

2014ல் சுவாரெஸுக்கு மாற்று வீட்டில் இல்லை. ஒருவர் விட்டுச்சென்ற இடத்தை ஏழெட்டுப் பேரைக் கொண்டு நிரப்பப் பார்த்தார்கள். பானையின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் பானை எப்படி நிறையும்?

கிளப்பின் கணக்குப் புத்தகம்

"அவ்வளவு பணம் வைத்திருக்கிறார்களே, வாங்கினால் என்ன?" என்று ரசிகர் கேட்பது இயல்பு. கிளப்பின் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

100 மில்லியன் பவுண்டுக்கு ஒருவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் அது ஆண்டுக்கு 20 மில்லியன் செலவாகப் பிரித்து எழுதப்படும். விற்கும்போது அப்படியல்ல. கணக்கில் மிச்சமிருக்கும் மதிப்பைக் கழித்துவிட்டு, மீதி முழுவதும் அந்த ஆண்டின் லாபமாகச் சேரும். கிளப்பின் இளையர் பயிற்சிக் கூடத்திலேயே வளர்ந்தவரை விற்றால் வருவது அனைத்தும் லாபம். பிரிமியர் லீக் குழுக்கள் மூன்றாண்டுகளில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற விதி 2013ல் வந்தது. குழுச் செலவை வருமானத்தின் 85 விழுக்காட்டுக்குள் வைக்கும் புதிய முறைக்கு 2026-27 பருவத்திலிருந்து மாறுவதென 2025 நவம்பரில் கிளப்புகள் வாக்களித்தன. கையில் காசு இருந்தாலும் விதி கையைப் பிடிக்கும்.

அடுத்தது ஒப்பந்தக் காலம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விலை ஏதுமின்றி வேறு கிளப்புக்குப் போகலாம். 2021ல் ஜோர்ஜினியோ வைனால்டம் அப்படித்தான் லிவர்பூலை விட்டு பாரிஸ் செயிண்ட் ஜெர்மனுக்குப் போனார். ஆகவே ஒரு வீரரின் ஆட்டத்தைப் பார்ப்பதோடு, அவருடைய ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மீதமுள்ளன என்பதையும் ரசிகர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பெயர்ப் பட்டியல். பிரிமியர் லீக்கில் ஒரு குழு 25 பேரைப் பதிவு செய்யலாம். அவர்களில் 17 பேருக்கு மேல் உள்நாட்டில் பயிற்சி பெறாதவர்களாக இருக்கக் கூடாது. 21 வயதுக்குட்பட்டோர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். வெளிநாட்டு நட்சத்திரங்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்காமல் வென்றதும் வாங்கித் தடுமாறியதும்

2024 மே மாதம் பயிற்றுநர் யூர்கன் கிளோப் விடைபெற்றார். ஆர்னே ஸ்லோட் வந்தார். புதிய பயிற்றுநருக்குப் புதிய ஆட்களைக் கொடுப்பார்கள் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். தற்காப்புக்கு முன்னால் நின்று ஆடும் மத்தியத் திடல் இடத்துக்கு ஸ்பெயினின் மார்ட்டின் சுபிமெண்டியை அழைத்தார்கள். அவர் வர மறுத்துவிட்டார். அந்தக் கோடையில் முதல் குழுவுக்கென உடனே வந்து சேர்ந்தவர் ஃபெடெரிக்கோ கியேசா ஒருவர்தான். இந்தக் குழு தேறாது என்று பலர் தலையில் கை வைத்தார்கள்.

ஸ்லோட் வெளியே தேடுவதை விட்டு வீட்டுக்குள் பார்த்தார். 2023லேயே வாங்கப்பட்டு, நிலையான இடமில்லாமல் இருந்த ரயன் கிராவன்பெர்க்கை அந்த இடத்தில் நிறுத்தினார். 2025 ஏப்ரல் 27ஆம் தேதி டோட்டன்ஹமை 5-1 என வென்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே லிவர்பூல் தனது 20ஆவது லீக் பட்டத்தை உறுதி செய்தது.

அடுத்த கோடை நேர்மாறாக அமைந்தது. ஃபுளோரியன் விர்ட்ஸ், ஹியூகோ எகிட்டிக்கே, மிலோஸ் கெர்கெஸ், ஜெரெமி ஃபிரிம்பொங், கடைசி நாளில் 125 மில்லியன் பவுண்டுக்கு அலெக்சாண்டர் ஈசாக் என்று 400 மில்லியன் பவுண்டுக்கும் அதிகமாகச் செலவானது. தாக்குதல் வரிசை மாறியது. தற்காப்பின் இரு ஓரங்களுக்கும் புதியவர்கள் வந்தார்கள். ஆனால் தற்காப்பின் நடுவில் நிற்க மார்க் குவேஹியைக் கொண்டுவரும் முயற்சி கடைசி நாளில் கைகூடவில்லை. செப்டம்பர் முடிவிலிருந்து நவம்பர் 22 வரை ஆடிய ஏழு லீக் ஆட்டங்களில் ஆறில் லிவர்பூல் தோற்றது.

அந்தத் தடுமாற்றத்தை வாங்கல் விற்றல் கணக்கோடு மட்டும் நிறுத்திவிடுவது நியாயமாகாது. 2025 ஜூலை 3ஆம் தேதி, குழுவின் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டா தம் சகோதரருடன் ஸ்பெயினில் கார் விபத்தில் மாண்டார். அவர் அணிந்த 20ஆம் எண் சட்டை இனி யாருக்கும் இல்லை என்று கிளப் அறிவித்தது. கூடவே ஆடிய தோழனைப் புதைத்துவிட்டு வந்தவர்கள்தாம் சில வாரங்களில் மீண்டும் திடலில் இறங்கினார்கள். எந்தப் பட்டியலிலும் இந்தப் பாரத்துக்குப் பத்தி கிடையாது.

விசுவாசம் யாருக்கு?

அதே 2025ல் இன்னொரு வாதமும் எழுந்தது. ஆறு வயதில் லிவர்பூல் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த உள்ளூர்ப் பிள்ளை டிரென்ட் அலெக்சாண்டர் ஆர்னல்ட், ஒப்பந்தம் முடியும் தறுவாயில் ரியால் மட்ரிட்டுக்குப் போவதென முடிவெடுத்தார். கிளப்புக்குக் கிடைத்தது, அவரைச் சில வாரங்கள் முன்னதாக அனுப்பிவைத்ததற்கான சிறு தொகைதான். ஆன்ஃபீல்டில் அவர் களமிறங்கியபோது சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே கூச்சலிட்டார்கள்.

வலி புரிகிறது. ஆனால் கிளப் ஒரு வீரரை விற்கும்போது அதை நிர்வாகத் திறமை என்று பாராட்டுகிறவர்கள், வீரர் தாமே போகும்போது மட்டும் துரோகம் என்பது எப்படிச் சரியாகும்? போகிறவர் போகும்வரை கொடுத்ததை மறக்காமல் இருப்பதுதான் முறை.

தீர்ப்பு

நட்சத்திர ஆட்டக்காரரை விற்கலாமா என்ற வாதத்துக்கு ஒரே சொல்லில் தீர்ப்பு இல்லை. அவருடைய வேலையைச் செய்ய வீட்டில் ஆள் இருந்தால் விற்கலாம். வரும் பணம் குழுவின் உண்மையான ஓட்டைக்குப் போகுமானால் விற்கலாம். இரண்டும் இல்லையென்றால், எவ்வளவு பெரிய தொகையும் நட்டத்தில்தான் முடியும்.

அடுத்த கோடையில் காப்பிக் கடை மேசையில் இதே வாதம் மீண்டும் தொடங்கும். யாரை வாங்கலாம் என்று முதலில் கேட்கும் நண்பரிடம், குழு எங்கே கோல் விடுகிறது, எந்த இடத்துக்கு ஆள் இல்லை, அந்த இடத்தில் நிற்கக்கூடியவர் யாராவது ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். வாதம் அப்போதும் நள்ளிரவு வரை போகும். ஆனால் எழுந்து வீட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் குழுவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.