முகத்தில் பூசுவதும் மருந்துதான்

குரங்கணி என்று வெளியூரில் சொன்னால், கேட்பவர்களுக்கு 2018 மார்ச் 11-ஆம் தேதிதான் நினைவுக்கு வருகிறது. அன்று எங்கள் மலையில் பற்றிய காட்டுத் தீ, மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. 23 பேர் உயிரிழந்தனர். சிலர் மலையிலேயே மாண்டனர்; மற்றவர்கள் மருத்துவமனைகளில் நாள்கணக்கில் போராடி இறந்தனர். அந்த நாள்களில் காயமடைந்தவர்களைப் பற்றிப் பேசிய எல்லோரும் ஒரு விழுக்காட்டைக் குறிப்பிட்டார்கள். உடலின் தோலில் எத்தனை விழுக்காடு எரிந்தது என்பதே அவர்கள் பிழைப்பார்களா என்பதற்கான கணக்காக இருந்தது.

இதயம், நுரையீரலைப் போலத் தோலும் ஓர் உறுப்பு என்பதை எங்கள் ஊர் அப்படித்தான் கற்றுக்கொண்டது. உடலின் நீரை உள்ளே காப்பதும், கிருமிகளை வெளியே நிறுத்துவதும், உடல் வெப்பத்தைச் சீராக வைப்பதும் அதன் வேலைகள். அழகு என்பது அந்த வேலைகள் ஒழுங்காக நடக்கும்போது வெளியே தெரிகிற அடையாளம் மட்டுமே.

கற்ற பாடத்தைச் சில ஆண்டுகளில் நானே மறந்துபோனேன். கல்லூரியில் சேர்ந்திருந்த என் மகளுக்கு வெயிலில் முகம் கருத்துவிட்டதாகக் கவலை. மருந்துக் கடை ஒன்றில் கேட்டேன். "டாக்டருங்களே எழுதுற கிரீம் அண்ணே, மெடிக்கல் கிரேடு" என்று சொல்லி ஒரு சிறு டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவச் சீட்டு எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்டு அறிந்துகொள்ளவில்லை. பத்தே நாளில் மகளின் முகம் பளிச்சென்று ஆனது. உறவினர்கள் விசாரித்தார்கள், கிரீமின் பெயரைப் பெருமையோடு சொன்னேன். ஏழு மாதம் கழித்து, இனிப் போதும் என்று நிறுத்திய மூன்றாம் நாள் முகம் சிவந்து எரிந்தது. பருக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. மறுபடி பூசினால் அடங்கியது; விட்டால் மீண்டும் எரிந்தது. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் டியூபைத் திருப்பி, பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கையைக் காட்டி, "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

'மெடிக்கல் கிரேடு' என்ற சொல் இப்போது விளம்பரங்களில் மிகுதியாக அடிபடுகிறது. ஆனால், இந்தியச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், பெயருக்கேற்ப இரண்டே வகைகளைத்தான் அறியும். நோயைத் தீர்ப்பதும் தடுப்பதும் மருந்து. தூய்மைக்கும் தோற்றப் பொலிவுக்கும் பூசுவது அழகுசாதனம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது அலமாரி இல்லை. ஆகவே 'மெடிக்கல் கிரேடு' என்று சொல்லி விற்கப்படும் பொருள், பெரிய பெயர் சூட்டிக்கொண்ட அழகுசாதனமாக இருக்கலாம். அல்லது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தாக இருக்கலாம். முன்னதால் பணம்தான் போகும். பின்னதால் தோலே போகும்.

என் மகள் பூசியதில் மூன்று மருந்துகள் இருந்தன: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. இந்த வகைக் கலவைக்கு மூலம், அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் 1975-இல் வெளியிட்ட சூத்திரம். நம் ஊரில் 'மங்கு' என்று சொல்லும் கரும்படலத்துக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. அந்த அளவில் அது நல்ல மருந்தும்கூட. நோயே இல்லாத முகத்தில் மாதக்கணக்கில் பூசும்போதுதான் தீமை தொடங்குகிறது.

ஸ்டீராய்டு எப்படி 'வெள்ளையாக்குகிறது'? தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நிறமியின் உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது, அழற்சியை அமுக்குகிறது. அதனால்தான் சில நாள்களிலேயே பலன் தெரிகிறது. கூடவே தோல் மெலிகிறது. பிறகு ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால், சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து முகம் சிவக்கும். எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் அதே கிரீமை எடுப்பதால் இது ஒருவகை அடிமைத்தனம் ஆகிவிடுகிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் கௌஷிக் லாஹிரி போன்றோர் இதை 'ஸ்டீராய்டால் சிதைந்த, ஸ்டீராய்டைச் சார்ந்த முகம்' என்று தனி நோயாகவே பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் மலையில் தீப்பிடித்த அதே 2018-இல், மத்திய சுகாதாரத் துறை 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்டப்படி குற்றம். சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆன பிறகுதான் எனக்கு அந்த டியூப் கேள்வியின்றிக் கிடைத்தது.

முகத்தோடு இது நிற்கவில்லை. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். மழையிலும் வியர்வையிலும் நனைந்த துணி நாள் முழுதும் உடம்பில் ஒட்டிக் கிடப்பதால் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வருகிறது. கடையில் கேட்டால், பூஞ்சைக் கொல்லியும் ஸ்டீராய்டும் சேர்ந்த களிம்பு கிடைக்கும். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். தோலின் எதிர்ப்பாற்றலையும் சேர்த்து அடக்கும். பூஞ்சை உள்ளூரப் பரவும். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020-இல் அறிவியலாளர்கள் சூட்டிய பெயரில் 'இந்தோ' என்ற முன்னொட்டே சேர்ந்துவிட்டது. தவறான களிம்புகளின் தாராளப் புழக்கம் அதன் பரவலுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு ஆபத்து, முகவரியே இல்லாத டப்பாக்களில் வருகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். அது நிறமி உருவாவதைத் தடுக்கும். தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். அழகுசாதனங்களில் பாதரசம் சேர்ப்பதை நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

அப்படியானால் தோல் பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது? மருத்துவர் எங்களுக்குச் சொன்னது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. மூன்றே பழக்கங்கள்: மென்மையான சோப்பு அல்லது கழுவு திரவத்தால் நாளுக்கு இருமுறை முகம் கழுவுதல், ஈரம் காயும் முன் ஈரப்பதம் காக்கும் கிரீம் பூசுதல், பகலில் வெயில் காப்பு. வறண்ட கை கால்களுக்கு விலை குறைந்த பெட்ரோலியம் ஜெல்லியே போதும்.

மூன்றாவதை மலைக்காரர்களாகிய நாம் அலட்சியப்படுத்துகிறோம். 'மேலே குளிர்தானே, வெயில் எங்கே சுடுகிறது' என்பது நம் வாதம். வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிரின் வீச்சு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது; மெல்லிய மேகம் அதைத் தடுப்பதில்லை. 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொழுக்குமலைத் தேயிலைச் சரிவில் குளிர்காற்றில் நிற்பவரின் முகம், போடி கடைவீதியில் வியர்த்து நிற்பவரின் முகத்தைவிட அதிகக் கதிரை வாங்குகிறது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அன்றாடக் கூலியில் அது கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு, தோட்டத்துப் பெண்கள் புடவைக்கு மேல் அணியும் முழுக்கைச் சட்டையும் தலையில் கட்டும் துண்டும் நம்பகமான காப்பு. மருந்து தெளித்த கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதிருப்பதும் பராமரிப்பில் சேரும்.

இவற்றுக்கு மேல் பரு, மங்கு, தழும்பு என்று குறை ஏதேனும் இருந்தால் மட்டுமே அடுத்த படி. புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உள்பக்கத்தில் சில நாள் பூசிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேருங்கள். மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும் என்பதால் அவசரம் வேண்டாம். பத்து நாளில் வெளுப்பு என்றால் மகிழ வேண்டாம், ஐயப்படுங்கள். கருவுற்ற பெண்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசிவருபவர்கள் தாமாக நிறுத்தித் தவிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். படிப்படியாக மீட்க வழி இருக்கிறது. கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சீட்டில்லா விற்பனையைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாகாது. தோட்டங்களுக்குச் செல்லும் மருத்துவ முகாம்களில் தோல் மருத்துவரும் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, 'எச்' அட்டவணை எச்சரிக்கை தமிழிலும் அச்சாக வேண்டும். அந்தப் பொடி எழுத்து எனக்குப் புரியும் மொழியில் இருந்திருந்தால், கடை வாசலிலேயே டியூபைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மகளின் முகம் தேற ஓராண்டுக்கு மேல் ஆனது. பழைய நிறமே திரும்பியிருக்கிறது. அதைப் பற்றி அவள் இப்போது கவலைப்படுவதில்லை. நீங்கள் அடுத்த முறை களிம்பு வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தால் மருத்துவச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லையென்றால், எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.