பக்கவாதம் வந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்குறீங்களா? தோள்பட்டை வலிக்கு அதுவும் காரணமாகலாம்!

பக்கவாதத்தில் இருந்து மீண்டு வரும் பலருக்கு, செயலிழந்த பக்கத்துத் தோள்பட்டையில் வலி வருகிறது. 'கை எப்போ வரும்?' என்ற கவலையில் இருக்கும் குடும்பங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சட்டை போடுவது முதல் தூங்குவது வரை அத்தனையையும் இந்த வலி முடக்கிவிடும். இது ஏன் வருது? எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

தோள்பட்டைக்கு என்ன ஆகிறது?

ஆழமில்லாத சின்னக் கிண்ணத்தில் பெரிய பந்து ஒன்று உட்கார்ந்திருப்பது போன்றதுதான் தோள்பட்டை மூட்டு. பந்து நழுவாமல் பிடித்து வைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கவாதத்தால் தசைகள் தளர்ந்ததும், கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கத் தொடங்கும். சிலருக்குத் தோள் முனைக்குக் கீழே விரல் வைக்கும் அளவுக்குப் பள்ளம் தெரியும்.

நாளாக ஆக சிலருக்குத் தசைகள் இறுகி, கை மார்போடு மடங்கிக்கொள்ளும். அசைக்காமலே விட்டால் மூட்டும் இறுகிப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

வலியால் என்னென்ன பாதிக்கும்?

குளிப்பது, உடை மாற்றுவது, படுக்கையில் புரண்டு படுப்பது எல்லாமே சிரமமாகும். வலிக்குப் பயந்து பயிற்சியைத் தவிர்ப்பார்கள். பயிற்சி குறைந்தால் கை மேலும் இறுகும், வலியும் கூடும். பேச்சு பாதிக்கப்பட்டவர்களால் 'வலிக்குது' என்று சொல்லவும் முடியாது. கையைத் தொடும்போது முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள்.

எதையெல்லாம் செய்யக்கூடாது?

* கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கக்கூடாது.

* கையை வேகமாக உருவி விடுவது, முறுக்குவது வேண்டாம்.

* கப்பியில் கயிறு மாட்டித் தலைக்கு மேல் கையை இழுக்கும் பயிற்சி வலியை அதிகப்படுத்தலாம். நீங்களாகச் செய்யாதீர்கள்.

* உட்காரும்போது கையைத் தொங்க விடாதீர்கள்.

சரி, எப்படிப் பார்த்துக்கொள்வது?

எழுப்பும்போது: பாதங்களைத் தரையில் ஊன்றி, உடலை முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். இடுப்பைப் பிடித்து எழ உதவுங்கள்.

உட்காரும்போது: மடியில் தலையணை வைத்து, முழங்கையும் முன்கையும் அதன் மேல் இருக்கும்படி பாருங்கள்.

சட்டை போடும்போது: பாதித்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டை, நைட்டி வசதியாக இருக்கும்.

படுக்கும்போது: பாதித்த கைக்குக் கீழே தலையணை கொடுங்கள். அந்தப் பக்கமாகப் படுத்தால் தோள் உடலுக்கு அடியில் நசுங்காமல், சற்று முன்னால் இருக்கட்டும்.

தூளிக் கட்டு: கை தளர்ந்திருக்கும் நிலையில் நிற்கும்போதும் நடக்கும்போதும் இது உதவலாம். நாள் முழுக்க மாட்டியே வைத்தால் கை மடங்கியபடி இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கு. காரணத்தைப் பொறுத்து பிசியோதெரபி, தசையைத் தூண்டும் மின் சிகிச்சை, மாத்திரைகள், மூட்டில் போடும் ஊசி, இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி என மருத்துவர் முடிவு செய்வார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

எப்போது உடனே போக வேண்டும்?

கீழே விழுந்த பிறகு வலி வந்தாலோ, புறங்கை வீங்கிச் சிவந்து தொட்டாலே வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல் இருந்தாலும், திடீரென முகம் கோணினாலும், பேச்சு குழறினாலும், புதிதாகக் கை, கால் பலவீனமானாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

நோயாளியைக் கவனிக்க வீட்டில் எத்தனை பேர் மாறி மாறி வந்தாலும், 'கையை இழுக்காதீங்க' என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லி வையுங்கள்.