30 வயதுக்கு மேல் பியானோ: ஆசிரியர் இல்லாமல் கற்க முடியுமா?

இரவு ஒன்பது மணி. வேலை முடிந்தது, சாப்பாடு ஆச்சு, வீடு அடங்கியாச்சு. போன வருடம் ஆசையாக வாங்கிய கீபோர்டு அலமாரி மேல் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. இறக்கிவைத்து, ஹெட்போன் மாட்டி, மொபைலில் ஒரு வீடியோவைப் பார்த்தபடி தட்ட ஆரம்பிக்கிறீர்கள். வலது கை ஓரளவு சொன்னபடி கேட்கிறது. இடது கையைச் சேர்த்ததும் இரண்டும் நின்றுவிடுகின்றன. “இதெல்லாம் சின்ன வயசுலேயே கத்துக்கணும்” என்று சொல்லிக்கொண்டு பெட்டியை மூடிவிடுகிறீர்கள்.

சீர்காழிக்காரர்களிடம் இந்த எண்ணம் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கலாம். மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பதிகம் பாடியதாகச் சொல்லப்படும் திருஞானசம்பந்தரின் ஊர் இது. சட்டைநாதர் கோயிலில் ஒவ்வொரு சித்திரையிலும் திருமுலைப்பால் விழா நடக்கிறது. பாட்டு என்றால் பாலோடு ஊட்டப்பட வேண்டியது என்ற நினைப்பு இங்கே காற்றிலேயே இருக்கிறது. ஆனால், இதே ஊரில் இன்னொரு இசைக்கதையும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், வளர்ந்த பிறகு ஒருவர் தானாகவே பியானோ கற்க முடியுமா? முடியும். ஆனால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

வயது உண்மையில் எதைத் தடுக்கிறது?

விரல்களைத்தான். பத்து விரல்களும் தனித்தனியாக இயங்குவது, இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்வது, இதெல்லாம் குழந்தைக்கு வருவதைவிட நமக்கு மெதுவாக வரும். அது நிஜம்.

ஆனால் காது வேறு. முப்பது வருடமாக நாகஸ்வரம், சினிமாப் பாட்டு, கோயில் ஒலிபெருக்கி, கல்யாண வீட்டுக் கச்சேரி என்று கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. ஒரு பாட்டில் சுருதி விலகினால், ஏனென்று தெரியாவிட்டாலும் முகம் சுளிக்கிறீர்கள் இல்லையா? ஏழு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் இல்லாத சொத்து அது.

இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-ல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஹார்மோனியம் வாசித்து ஊர் ஊராகச் சுற்றியவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 25 வாக்கில். காதும் விரலும் ஏற்கெனவே தயாராக இருந்தவர் அவர். நம்மை அவரோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: கேள்விஞானம் முதலில் வந்தது, தாளில் எழுதிப் படிக்கும் இசை பிறகு வந்தது. அந்த வரிசை நமக்கும் பொருந்தும்.

எந்தக் கருவி வாங்கலாம்?

முழு பியானோவில் 88 கட்டைகள் இருக்கும். அசல் பியானோவை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும். கடலோர ஈரக்காற்றில் சுருதி சீக்கிரம் விலகும். தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. 61 கட்டைகள் உள்ள எலக்ட்ரானிக் கீபோர்டு முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்குத் தாராளம்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி வர வேண்டும். கடையில் ‘டச் ரெஸ்பான்ஸ்’ இருக்கிறதா என்று கேளுங்கள். நூற்றுக்கணக்கான தாளங்களும் டோன்களும் இருப்பதைவிட இது முக்கியம். இது இல்லாத கருவியில் பழகினால் விரலுக்கு அழுத்தத்தின் கணக்கே தெரியாமல் போய்விடும்.

கட்டில் மேல் வைத்து, சம்மணம் போட்டு வாசிக்காதீர்கள். உட்கார்ந்தால் முழங்கை ஏறக்குறைய கட்டைகளின் உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். வலியோடு பழகுவது சாதகம் ஆகாது.

முதல் நாளே ஒரு ராகம்

கீபோர்டைப் பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று உள்ள கூட்டத்தின் முதல் கட்டையிலிருந்து தொடங்கி, வலப்பக்கமாகக் கறுப்புக் கட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். மூன்று, அடுத்து இரண்டு, மறுபடி முதல் கட்டை. ச ரி க ப த ச. நீங்கள் வாசித்தது மோகனம்.

இப்போது இரண்டு கறுப்புக் கட்டைகள் உள்ள கூட்டத்துக்கு இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைக்கு வாருங்கள். அதுதான் ‘சி’. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணம். மேற்கத்திய இசைக்காரர்கள் அதை ‘சி மேஜர்’ என்பார்கள். அதில் நான்காவது கட்டைக்குப் பதிலாக அதற்கு வலப்பக்கக் கறுப்பைத் தொட்டால் கல்யாணி.

“அந்தப் பாடகி அஞ்சு கட்டையில பாடுவாங்க” என்று நம் ஊரில் சொல்வது இந்தக் கட்டைகளைத்தான். சி என்பது ஒரு கட்டை, ஐந்தாவது வெள்ளை ஐந்து கட்டை, இடையில் உள்ள கறுப்புகள் ஒன்றரை, நாலரை என்று போகும். நீங்கள் மோகனத்தைத் தொடங்கியது நாலரைக் கட்டையில். ஹார்மோனியம் வழியாகக் கீபோர்டின் பாஷை எப்போதோ நம் பேச்சுக்குள் வந்துவிட்டது.

கீபோர்டால் முடியாதது

இங்கேதான் பலர் மனசு உடைந்து விடுகிறார்கள். பிடித்த பாட்டின் ஸ்வரங்களைச் சரியாகக் கண்டுபிடித்து வாசிப்பார்கள். ஆனால் பாட்டு மாதிரியே இருக்காது. தவறு உங்கள் விரலில் இல்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் கீபோர்டில் ஒன்றும் கிடையாது. குரலும் நாகஸ்வரமும் வீணையும் அந்த இடைவெளியில்தான் கமகம் செய்கின்றன.

இந்தச் சிக்கல் நம் பகுதிக்குப் பழையது. சம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்துவந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில், யாழுக்குள் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடினார். வாசிக்க முடியாமல் போன யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வருகிற அளவு வாசித்தால் போதும் என்றாராம். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையால்தான் அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர்.

அந்த வாதம் இருபதாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. நம் இசைக்கு ஒத்துவராது என்று 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அது தளர்ந்தது.

ஆகவே, தோடியை எடுத்துக்கொண்டு கீபோர்டோடு மல்லுக்கட்டாதீர்கள். அதற்குப் பொருந்துகிற பாட்டைக் கொடுங்கள்.

அப்போ எதை வாசிப்பது?

கைக்கு அருகிலேயே ஒரு புதையல் இருக்கிறது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைப் பக்கம் தங்கியிருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அழைக்கப்படும் இவை சுமார் 40 உள்ளன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு.

இவை சங்கராபரணத்தில் அமைந்தவை, கமகம் வேண்டாதவை, சின்னச் சின்னவை. அதாவது, சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். அதன் பிறகு கோர்டுகளை நம்பி ஓடும் சினிமாப் பாட்டுகளுக்குப் போகலாம்.

20 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிடத் தினமும் 20 நிமிடம் பல மடங்கு பயன் தரும். கைப்பழக்கம் என்பது வாசிக்கும்போது மட்டும் படிவதில்லை. ஓய்விலும் தூக்கத்திலும் படிகிறது. நேற்று தடுக்கிய இடம் இன்று காலை தானாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

முதல் 5 நிமிடம்: ஸ்கேல். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று இரண்டு கைக்கும் எண் உண்டு. வலது கையில் சி மேஜர் ஏறும்போது 1, 2, 3 என்று மூன்று கட்டைகள் வாசித்ததும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் புகுந்து நான்காவது கட்டையைப் பிடிக்க வேண்டும். பிறகு 2, 3, 4, 5. முதல் வாரம் இது மட்டும் சரியாக வந்தாலே போதும்.

அடுத்த 10 நிமிடம்: பாட்டின் இரண்டே வரி. முதலில் வலது கை தனியாக, பிறகு இடது கை தனியாக. இரண்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் என்ற நிலைக்கு வந்த பிறகே சேருங்கள். சேர்க்கும்போது மெட்ரோனோமை 50-ல் வையுங்கள். எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருக்கும். இருக்கட்டும். வேகமாகத் தப்பு செய்தால், அந்தத் தப்பையே விரல் மனப்பாடம் செய்துகொள்ளும்.

கடைசி 5 நிமிடம்: உங்கள் இஷ்டம். பிடித்த பாட்டைக் காதால் தேடிக் கண்டுபிடியுங்கள். இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் உங்களைக் கீபோர்டு முன் உட்கார வைக்கப்போவது இந்த ஐந்து நிமிடம்தான்.

ஆசிரியர் இல்லாத குறையை எப்படிச் சமாளிப்பது?

ஆசிரியர் செய்யும் முக்கியமான வேலை சொல்லிக்கொடுப்பது அல்ல, கேட்பது. வாசிக்கும்போது நம் தப்பு நமக்குக் கேட்காது. அதனால் வாரம் ஒருமுறை மொபைலில் ரெக்கார்டு செய்யுங்கள். உடனே கேட்காமல், மறுநாள் பஸ்ஸிலோ ரயிலிலோ கேளுங்கள். எங்கே தாளம் ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். பழைய ரெக்கார்டுகளை அழிக்காதீர்கள். “ஒண்ணுமே முன்னேறலை” என்று தோன்றும் நாளில் மூன்று மாதத்துக்கு முந்தையதைப் போட்டுக் கேளுங்கள்.

வண்ணக் கோடுகள் மேலிருந்து விழும் வீடியோக்களிடம் மட்டும் ஜாக்கிரதை. ஒரு பாட்டு வந்துவிடும்; ஆனால் அடுத்த பாட்டுக்கு அது உதவாது. இரண்டாவது மாதத்திலிருந்து தினம் நான்கு வரி நோட்டேஷன் படியுங்கள். ஒரு புது லிபியைப் படிப்பது மாதிரிதான் அது. கூகுளே கிடைக்காத இடத்திலும் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசிக்க முடியும்.

இலக்கு ஒன்று வேண்டும் என்றால், ட்ரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வுகள் இருக்கின்றன. வயது வரம்பு கிடையாது. தேர்வறை வாசலில் பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் உட்காரக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம்தான் இந்த வயதில் நாம் கட்டும் ஃபீஸ்.

முடிந்தால் மாதம் ஒருமுறையாவது தெரிந்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர், லைட் மியூசிக் குழுவில் இருப்பவர், யாராக இருந்தாலும் சரி. கை எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, நூறு வீடியோ சொல்லாததைச் சொல்லும்.

சீர்காழியின் இன்னொரு கதை

தமிழிசை மூவரில் ஒருவர் அருணாசலக் கவிராயர். 1711-ல் தில்லையாடியில் பிறந்தவர். காசுக்கடை வைத்துப் பிழைத்தவர். பிறகு சீர்காழிக்குக் குடிவந்து, அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டார். அவர் பெயரை நிலைநிறுத்திய இராம நாடகக் கீர்த்தனை, வாழ்வின் பிற்பகுதியில் வந்தது. பாட்டு எழுதியது அவர். மெட்டு அமைக்க உதவியவர்கள் பக்கத்துச் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. தன்னால் ஆகாததை இளையவர்களிடம் கேட்டுப் பெற அவர் கூச்சப்படவில்லை.

மூன்று வயதில் பாடிய பிள்ளையைத்தான் ஊர் முதலில் நினைக்கும். கடையை நடத்திவிட்டுப் பாட்டுக்கு வந்த பெரியவரும் அதே ஊர்க்காரர்தான்.

அலமாரி மேல் இருக்கும் பெட்டியை இன்றைக்கு இறக்கினால், கறுப்புக் கட்டைகளிலிருந்து தொடங்குங்கள். மோகனம் வர ஐந்து நிமிடம்கூட ஆகாது.