கூடை சுமந்த முதுகெலும்பு

கொஸ்லந்தயைத் தாண்டி வெல்லவாய பக்கம் இறங்கினால், 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியைப் பார்க்க வாகனங்கள் நிற்கும். அதே மலையில், கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தபடி சரிவேறும் தாயின் முதுகெலும்பை நின்று பார்ப்பவர் இல்லை. எனக்கு அதுவே பெரிய அதிசயம்.

எலும்பை உயிரற்ற கட்டை என்று நினைத்துவிடுகிறோம். அதற்குள் வேலை ஓய்வதே இல்லை. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைத்துச் சிறு குழி பறிக்கின்றன. சில வாரங்களில் அது முடிகிறது. பின்னாலேயே வேறு கலங்கள் வந்து புரத இழைகளைப் பரப்பி, அதன்மேல் கல்சியத்தைப் படியவைத்து, மூன்று நான்கு மாதங்களில் குழியை நிரப்புகின்றன. இப்படியே ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாகிறது. பாரம் விழும் இடத்தில் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். எந்தக் கங்காணியும் பிரட்டு வைத்து ஆள் கணக்கெடுக்காமல் இத்தனை வேலை நடக்கிறதே! படைத்தவனை எண்ணிக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

முப்பது வயதளவில் எலும்பின் சேமிப்பு நிறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் நிரப்புவதைவிடக் கரைப்பது முந்துகிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. வேலையிலிருந்து ஓய்ந்து, ஈ.பி.எப். சேமநிதிக் காசை எடுத்துக்கொண்டு லயத்து வீட்டுக்குள் இருந்துவிட்டால், எலும்புக்குப் பழக்கமான பாரமும் வெயிலும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. வெயில் பட்டால் தோலில் விற்றமின் டி உண்டாகும். அது குறைந்தால் சாப்பிட்ட கல்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது.

எலும்புக்கு வேண்டிய உணவையும் இயற்கை இந்த ஊவா மாகாணத்திலேயே வைத்திருக்கிறது. வெல்லவாய, மொனராகலைப் பக்கத்துச் சேனைகளில் விளையும் குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. அதே அளவு பசும்பாலில் சுமார் 120 தான். முளைகட்டி அரைத்தால் குரக்கனின் சத்து இன்னும் நன்றாக உடம்பில் சேரும். முருங்கைக்கீரையிலும் கல்சியம் நிறைய உண்டு. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்னும்போது, கடல் மீனின் எலும்பு மலைநாட்டுப் பாட்டியின் எலும்பாகிறது!

பிரண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் எலும்பு முறிவு வைத்தியர்கள் பத்துப்போட எடுப்பதும் இதைத்தான். இந்தியாவின் பனாரஸில் உடுப்பா, பிரசாத் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் முறிந்த எலும்பில் கதிரியக்கக் கல்சியத்தைப் பின்தொடர்ந்து, பிரண்டை முறிவை விரைவாகக் கூட்டுகிறது என்று 1964இல் எழுதினார்கள். ஆனால் முதுமைத் தேய்மானத்தை அது தடுக்கும் என்பதற்கு மனிதரிடம் உறுதியான சான்று இன்னும் இல்லை. துவையலாக, எண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்துச் சாப்பிடுங்கள். பச்சையாகத் தின்றால் நாக்கு அரிக்கும். டப்பாவில் வரும் பிரண்டைத் தூளையும் கல்சியம் குளிசையையும் டொக்டரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம், முக்கியமாக சிறுநீரகக் கல் உள்ளவர்கள்.

வீட்டில் வயதான அம்மா இருந்தால், பத்து மணி வெயிலில் கொஞ்சம் நடக்கக் கூட்டிப் போங்கள். அவர் உயரம் குறைந்தாலோ முதுகு கூனினாலோ, வயசு என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். வலியே தெரியாமல் முள்ளெலும்பு முறிந்திருக்கலாம்.