கட்டட ஒப்பந்தம்: தேர்வும் நிர்வாகமும்

மத்திய அரசின் ஓர் அமைச்சகத்திற்கு மருத்துவமனையோ மாணவர் விடுதியோ தேவைப்படும்போது, பெரும்பாலும் அது தானே கட்டட வேலையில் இறங்குவதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையிடமோ பொதுத்துறை நிறுவனம் ஒன்றிடமோ பணியை ஒப்படைக்கிறது. பணம் தருவது ஒரு துறை; ஒப்பந்தப்புள்ளி கோரி, வேலையை அளந்து, பட்டியலுக்குப் பணம் வழங்குவது மற்றொரு துறை; கட்டுபவர் ஒப்பந்தக்காரர். இவ்வாறு பிறர் பணத்தை அவர் பொருட்டுச் செலவிடும் அதிகாரி இரு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. எவ்வகை ஒப்பந்தம் வேலைக்குப் பொருந்தும்? கையொப்பமான பின் அதை எவ்வாறு நடத்திச் செல்வது?

ஒப்பந்த வகைகள்

உருப்படி வீத ஒப்பந்தத்தில், மதிப்பீட்டில் கண்ட ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்தக்காரர் தனித்தனி வீதம் குறிக்கிறார். உண்மையில் செய்த அளவுக்கே பணம் பெறுகிறார். சதவீத ஒப்பந்தத்தில், துறையின் மதிப்பீட்டுக்கு மேலாகவோ கீழாகவோ எத்தனை சதவீதம் என்பதை மட்டும் குறிக்கிறார். மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் முழு வேலைக்கும் ஒரே தொகை. வடிவமைப்பு, பொருள் கொள்முதல், கட்டுமானம் ஆகிய மூன்றையும் ஒருவரிடமே ஒப்படைக்கும் முறையும் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது.

இவற்றிடையே உள்ள அடிப்படை வேறுபாடு, எதிர்பாராத செலவை யார் ஏற்பது என்பதே. உருப்படி வீத முறையில் அளவு கூடினால் பணம் தரும் துறை ஏற்கிறது. மொத்தத் தொகை முறையில் ஒப்பந்தக்காரர் ஏற்கிறார்; ஆனால் அதற்கான விலையை முன்கூட்டியே தம் தொகையில் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே வரைபடங்கள் முழுமையாகவும் தேவை உறுதியாகவும் இருப்பின் மொத்தத் தொகை முறை நன்று. மண்ணுக்கடியில் என்ன உள்ளது என்பது தெளிவாகத் தெரியாதபோது உருப்படி வீதமே ஏற்றது. பாதி வேலையில் தேவையை மாற்றும் பழக்கமுள்ள துறைக்கு, வடிவமைப்பையும் சேர்த்து ஒப்படைக்கும் முறை பொருந்தாது. ஒவ்வொரு மாற்றமும் கூடுதல் கோரிக்கையாகத் திரும்பி வரும்.

குறைந்த தொகை எப்போதும் குறைந்த செலவன்று

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். விடுதி ஒன்றின் அடித்தளத்திற்கு 2,000 கன மீட்டர் மண்ணும் 100 கன மீட்டர் பாறையும் தோண்ட வேண்டும் என்பது மதிப்பீடு. முதலாமவர் மண்ணுக்கு 180 ரூபாயும் பாறைக்கு 1,500 ரூபாயும் குறிக்கிறார். மொத்தம் 5,10,000 ரூபாய். இரண்டாமவர் 220 ரூபாயும் 800 ரூபாயும் குறிக்கிறார். மொத்தம் 5,20,000 ரூபாய். வேலை முதலாமவருக்குக் கிடைக்கிறது. தோண்டும்போது மண் 1,500, பாறை 600 கன மீட்டர் என வெளிப்பட்டால், முதலாமவருக்குத் தர வேண்டியது 11,70,000 ரூபாய். இரண்டாமவருக்காயின் 8,10,000 ரூபாய் போதுமானதாக இருந்திருக்கும். குறித்த அளவு வரம்பு மீறினால் வீதத்தைத் திருத்தலாம் என்னும் ஒப்பந்த விதி இவ்விழப்பை ஓரளவு குறைக்கும், முற்றிலும் நீக்காது. உண்மையான பாதுகாப்பு, ஒப்பந்தப்புள்ளி கோருமுன் செய்யும் மண் பரிசோதனையேயாகும். விரிவான வடிவமைப்பும் மதிப்பீடும் நிதி ஏற்பாடும் இன்றி வேலை தொடங்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் வற்புறுத்துவதன் பொருள் இதுவே.

2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தல்கள், தரம் முதன்மை பெறும் வேலைகளில் விலை அல்லாத கூறுகளுக்கு 30 சதவீதம் வரை மதிப்பளிக்க இடமளித்தன. எனினும் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை முன்னரே எழுத்தில் அறிவித்தாக வேண்டும்.

நிர்வாகமும் காலக்கெடுவும்

தாமதத்திற்கு ஒப்பந்தக்காரர் மட்டுமே காரணமாவதில்லை. மனையை ஒப்படைக்காமை, மரம் வெட்ட அனுமதி பெறாமை, வரைபடம் தாமதமாதல் ஆகியவை பணம் தரும் பக்கத்தின் குறைகள். எனவே ஒவ்வொரு தடையும் எந்நாளில் தோன்றி எந்நாளில் நீங்கியது என்பதைத் தடைப் பதிவேட்டில் அன்றன்றே குறித்து, இருதரப்பும் ஒப்பமிடுதல் இன்றியமையாதது. கால நீட்டிப்புக் கோரிக்கையை இப்பதிவேட்டைக் கொண்டே தீர்மானிக்க இயலும்.

இங்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கவனிக்கத்தக்கது. காலக்கெடுவே ஒப்பந்தத்தின் உயிர்நிலையாக இருந்து, அது தவறிய பின்னரும் வேலையை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கோரும் எண்ணத்தை அறிவிக்கவில்லையெனில், பின்னர் அதைக் கோர முடியாது என்கிறது 55ஆவது பிரிவு. இழப்பீட்டுத் தொகை ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும் என்கிறது 74ஆவது பிரிவு. ஆகவே தணிக்கைக்கு அஞ்சிக் கோப்பை மேசையிலேயே வைத்திருக்கும் அதிகாரி அரசின் பணத்தைக் காப்பதில்லை. அரசின் உரிமையையே இழக்கச் செய்கிறார்.

பட்டியலுக்கும் இது பொருந்தும். பணம் தாமதமாகும் என்று அறிந்த ஒப்பந்தக்காரர், அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் வட்டியையும் சேர்த்தே வீதம் குறிப்பார். நடப்புப் பட்டியலில் தரத்தக்க தொகையில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் 10 வேலை நாட்களிலும், மீதியைச் சரிபார்த்து 28 வேலை நாட்களிலும் வழங்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் அறிவுறுத்தல்கள் கூறுவதற்குக் காரணமும் உண்டு. சிறு ஒப்பந்தக்காரரிடம் பணம் முடங்கினால் முதலில் நிற்பது தொழிலாளரின் கூலி. அடுத்து நிற்பது வேலை.

பொறுப்புப் பொறியாளர் பணம் தரும் துறையின் பிரதிநிதி என்பது உண்மை. ஆயினும் அளவையும் காலத்தையும் தரத்தையும் தீர்மானிக்கையில் அவர் இருதரப்புக்கும் நடுநிலையாளராக இருத்தல் வேண்டும். செய்யாத வேலைக்குப் பணம் தராதது எவ்வளவு கடமையோ, செய்த வேலைக்குரிய பணத்தை மறுக்காததும் அவ்வளவே கடமையாகும். காரணங்களை எழுதி, உரிய காலத்தில் எடுத்த முடிவைத் தணிக்கையின் முன் விளக்க முடியும். காலம் கடந்த மௌனத்துக்கு விளக்கமில்லை. அம்மௌனத்தின் விலை நடுவர் தீர்ப்பாயத்தில் வட்டியோடு கணக்கிடப்படுகிறது. விடுதி திறக்கும் நாளை எதிர்நோக்கி வாடகை அறையில் காத்திருக்கும் மாணவர் தரும் விலையோ எக்கணக்கிலும் ஏறுவதில்லை.